சோழிகளில் விழுந்த நிழல்



2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஒரு நிழல் தமிழர் வாழும் நிலங்களின் மீது வரிசையாக நடந்து சென்றது. இந்திய நேரப்படி காலை ஒன்பதரை மணியளவில் அது கோயம்புத்தூரில் இருந்தது. அங்கிருந்து கரூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை எனக் கிழக்கே நகர்ந்து, கடல் கடந்து யாழ்ப்பாணத்தைத் தொட்டு, சுமத்திராவைத் தாண்டி, நம் நாட்டு நேரப்படி பிற்பகல் 1.20 அளவில் ஜொகூரின் தஞ்சோங் பியாயையும் சிங்கப்பூரையும் அடைந்தது. அந்தப் பாதையில் இருந்தவர்களுக்குக் கதிரவன் ஒரு வளையலாகத் தெரிந்தது. அதைக் கங்கண கிரகணம் என்று முன்னோர் அழகாகவே பெயரிட்டிருக்கின்றனர். கேமரன் மலை அப்பாதைக்கு வடக்கே இருந்ததால், இங்குக் கதிரவனின் பெரும்பகுதி மறைய இருந்ததே தவிர, வளையத்துக்கு வாய்ப்பில்லை.

அப்பொழுது பள்ளி விடுமுறைக் காலம். தோட்டப்புறத்து வீடுகளில் சோற்றுப் பானையின் மேலும் தண்ணீர்க் குடத்தின் மேலும் தர்ப்பைப் புல் கிடந்தது. பிள்ளைகள் உள்ளே இருத்தப்பட்டனர். கருவுற்ற பெண்களைச் சாளரத்தருகே செல்லவும் விடவில்லை. இதில் என்னை வியக்க வைப்பது ஒன்றுண்டு. கிரகணம் எந்த மணிக்குத் தொடங்கி எந்த மணிக்கு முடியும் என்பதை நிமிடக் கணக்காக அறிவித்ததும் பஞ்சாங்கந்தான். அந்த நேரத்தில் அஞ்சி ஒதுங்கச் சொன்னதும் அதே பஞ்சாங்கந்தான். ஒரு பாம்பு எப்பொழுது பசித்து வந்து விழுங்கும் என்று யாராலும் ஓராண்டுக்கு முன்பே கணக்கிட்டுச் சொல்ல முடியுமா? முடிந்திருக்கிறது என்றால், கணக்கிட்டவருக்கு அது பாம்பு அன்று என்பது எங்கோ ஒரு காலத்தில் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தெளிவு நம்மிடம் எப்படி இருந்தது, எப்படி மங்கியது என்பதைத்தான் இக்கட்டுரையில் எழுத எண்ணுகிறேன்.

முதலில் நிகழ்வைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நிலவு புவியைச் சுற்றுகிறது. புவி கதிரவனைச் சுற்றுகிறது. அமாவாசையன்று நிலவு கதிரவனுக்கும் நமக்கும் இடையில் வருகிறது. அதன் நிழல் புவியின் மேல் விழுந்தால் சூரிய கிரகணம். பௌர்ணமியன்று நிலவு நமக்குப் பின்புறம், கதிரவனுக்கு எதிரே இருக்கிறது. அப்பொழுது அது புவியின் நிழலுக்குள் புகுந்தால் சந்திர கிரகணம். இதைக் கேட்டவுடன் வகுப்பில் ஒரு கை உயரும்: "அப்படியானால் ஒவ்வோர் அமாவாசைக்கும் ஏன் கிரகணம் வருவதில்லை ஐயா?" இந்தக் கேள்வியைக் கேட்கும் மாணவன் பாதிப் பாடத்தைத் தானே கற்றுவிட்டான் என்று கொள்ளலாம்.

விடை சாய்வில் இருக்கிறது. இரண்டு பிரம்பு வளையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் சமமாகப் பிடித்து, மற்றொன்றை அதனுள்ளே ஏறத்தாழ 5 பாகை சாய்த்து வையுங்கள். முதல் வளையம் கதிரவன் வானில் செல்வதாகத் தோன்றும் பாதை; இரண்டாவது நிலவின் பாதை. இரண்டும் எதிரெதிரான இரண்டே புள்ளிகளில் வெட்டிக்கொள்ளும். பெரும்பாலான அமாவாசைகளில் நிலவு கதிரவனுக்குச் சற்று மேலாகவோ கீழாகவோ கடந்து சென்றுவிடுகிறது. நிழல் புவியைத் தொடாமல் வெட்டவெளியில் போய்விடும். அமாவாசையோ பௌர்ணமியோ அந்த வெட்டுப்புள்ளிகளின் அருகே நேரும்பொழுது மட்டுமே கிரகணம். அந்த இரு புள்ளிகளுக்கும் நம் கணியர்கள் இட்ட பெயர்கள்தாம் இராகு, கேது. அவை கோள்கள் அல்ல. அங்கே கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. வெறும் இரண்டு புள்ளிகள். அப்புள்ளிகளும் ஓரிடத்தில் நில்லாமல் 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை வானைப் பின்னோக்கிச் சுற்றி வருகின்றன. சோதிடக் கட்டத்தில் இராகுவும் கேதுவும் எப்பொழுதும் நேரெதிரே நிற்பதும், பின்னோக்கியே நகர்வதும் இதனால்தான். சோதிடம் பார்க்கும் பெற்றோரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் நாளும் காணும் கட்டத்திலேயே வானியல் ஒளிந்திருப்பதைக் கண்டு மகிழ்வார்கள்.

வளையம் ஏன், முழு மறைப்பு ஏன் என்பதும் எளிதே. கதிரவனின் விட்டம் நிலவைப் போல் ஏறத்தாழ 400 மடங்கு. அதன் தொலைவும் ஏறத்தாழ 400 மடங்கு. ஆகையால் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிகின்றன. நிலவு சற்று அண்மையில் இருந்தால் முழுவதும் மறைக்கும். சற்றுத் தள்ளியிருந்தால் விளிம்பு மிஞ்சும்.

இவ்வளவும் புதிய செய்தியன்று. கி.பி. 499இல் ஆரியபட்டர் தம் நூலில், நிலவு கதிரவனை மறைக்கிறது, புவியின் நிழல் நிலவை மறைக்கிறது என்று ஐயமின்றி எழுதிவிட்டார். அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர், இராகு என்னும் அரக்கன் கதையை எடுத்துக்கொண்டு அது ஏன் பொருந்தாது என்று வாதிட்டார். ஆனால் 628இல் பிரம்மகுப்தர், ஆரியபட்டரைப் போன்றோர் சாத்திரத்துக்கு மாறாகப் பேசுவதாகக் கண்டித்தார். வியப்பு என்னவென்றால், அதே பிரம்மகுப்தர் தம் நூலில் கிரகணத்தைக் கணக்கிட்டது புவியின் நிழலின் அளவைக் கொண்டுதான்! பதினொன்றாம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்-பிரூனி இந்த முரணைக் கண்டு திகைத்து, இவ்வளவு பெரிய அறிஞர் ஏன் இப்படி எழுதினார் என்று வருந்துகிறார். கணக்கு ஒரு பக்கம், கதை ஒரு பக்கம் என்ற இரட்டை வாழ்க்கை அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

தமிழிலும் பாம்பு உண்டு. திருக்குறளில், அலர் பரவுவதற்கு உவமையாக, திங்களைப் பாம்பு பற்றிய செய்தியை வள்ளுவர் எடுத்தாள்கிறார் (குறள் 1146). அங்கே அவருக்கு வேண்டியது அச்சம் அன்று. ஒரே இரவில் ஊர் முழுதும் அறிந்துவிடும் விரைவு. உவமையை உவமையாகப் படிக்க வேண்டும் என்பது தமிழாசிரியர்களுக்குத் தெரியாததன்று. கிரகணம் என்ற சொல்லே 'பற்றுதல்' என்றுதான் பொருள்படும். நம் மலாய் நண்பர்கள் வழங்கும் 'கெர்ஹானா' என்பதும் இச்சொல்லிலிருந்து பிறந்ததே.

இனிப் புதுச்சேரிக்குச் செல்வோம். 1761, 1769 ஆகிய ஆண்டுகளில் வெள்ளிக் கோள் கதிரவனைக் கடந்து செல்லும் நிகழ்வைக் காண்பதற்காக இலெ ழாந்தி என்னும் பிரெஞ்சு வானியலர் இந்தியாவுக்குப் புறப்பட்டார். முதல் முறை போர் குறுக்கிட்டதால் நடுக்கடலில் மாட்டிக்கொண்டார். எட்டாண்டுகள் காத்திருந்து, இரண்டாம் முறை புதுச்சேரியில் தொலைநோக்கியுடன் நின்றபொழுது மேகம் மூடிக்கொண்டது. அவர் பட்ட துன்பம் தனிக்கதை. ஆனால் புதுச்சேரியில் இருந்த நாட்களை அவர் வீணாக்கவில்லை. உள்ளூர்த் தமிழ்க் கணியர்களிடம் அவர்களுடைய முறையைக் கற்றுக்கொண்டார். அவர்கள் எழுதுகோலையே தொடாமல், சோழிகளைத் தரையில் பரப்பி, நகர்த்தி, வியக்கத்தக்க விரைவோடு கணக்கிட்டதை அவர் பதிந்துள்ளார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறையில் கணித்தபொழுது கிடைத்த விடை 41 நொடி குறைவாக இருந்தது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளுள் ஒன்றான தோபியாசு மாயரின் கணக்கோ 68 நொடி மிகுதியாக இருந்தது.

இந்தச் செய்தியைக் கேட்டதும் நம்மவர் பலர் மார்பு நிமிர்த்துவர். நிமிர்த்தலாம். ஆனால் அறுபது ஆண்டுகள் கழித்து அதே புதுச்சேரியில் நடந்ததையும் உடன் படிக்க வேண்டும்.

ஜான் வாரன் என்பவர் பிரெஞ்சுக் குடியில் பிறந்து ஆங்கிலேயரிடம் பணிபுரிந்தவர். 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர். தென்னிந்தியர் காலத்தைக் கணிக்கும் முறைகளை ஆராய்ந்து 'கால சங்கலித' என்னும் பெருநூலை 1825இல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவரை அவர் சந்தித்தார். வாரன் தம் காதில் விழுந்தபடி 'சாஷியா' என்று அவர் பெயரை எழுதுகிறார். அந்தக் கணியர் தரையில் சோழிகளை வைத்து, 1825 மே 31க்கும் சூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஏடு எதையும் புரட்டவில்லை. வேண்டிய எண்கள் அனைத்தும் சொற்களாக அவர் நினைவில் இருந்தன.

அந்தச் சொற்களுக்கு வாக்கியம் என்று பெயர். எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. க என்றால் 1, ர என்றால் 2 என்பது போல. ஆகவே ஒரு வாக்கியத்தை ஓதினால் நிலவு அன்று வானில் எத்தனை பாகையில் இருக்கிறது என்பது எண்ணாகக் கிடைத்துவிடும். நிலவுக்குரியவை மட்டும் 248 வாக்கியங்கள். ஏன் 248? நிலவு புவிக்கு மிக அருகில் வந்து, விலகி, மீண்டும் அருகில் வருவதற்கு 27.55 நாட்கள் ஆகின்றன. இத்தகைய ஒன்பது சுற்றுகள் ஏறத்தாழ மிகச் சரியாக 248 நாட்கள். நாளுக்கொரு வாக்கியமாக 248ஐ மனத்தில் வைத்துக்கொண்டால், முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். அட்டவணையைப் பாட்டாக்கி நாவில் ஏற்றிவிட்ட இந்த அறிவுக்கூர்மையை என்னென்பது! வாய்பாட்டை மனனம் செய்விக்கும் நாமெல்லாம் அதன் கொள்ளுப் பேரர்கள்தாம்.

கணிப்பில் தொடக்க நேரம் 4 நிமிடமும், நடுநேரம் 23 நிமிடமும், முடிவு நேரம் 52 நிமிடமும் பிழையாயின. நூற்றாண்டுகளாகத் திருத்தப்படாத எண்களை வைத்துக்கொண்டு தொடக்கத்தை 4 நிமிடப் பிழையில் சொன்னது பெரிது. ஆனால் வாரன் எழுதியுள்ள மற்றொரு செய்திதான் ஆசிரியரான என்னைத் தூங்கவிடவில்லை. அந்தக் கணியருக்குத் தாம் செய்யும் கணக்கின் வானியல் கோட்பாடு ஒன்றும் தெரியாது. நினைவாற்றல் ஒன்றே அவருடைய மூலதனம் என்கிறார் அவர். எந்தச் சோழியை எங்கே நகர்த்த வேண்டும் என்பது தெரியும். ஏன் நகர்த்துகிறோம் என்பது தெரியாது. நிழலின் கணக்கை அவர் போட்டார். ஆனால் அந்த நிழல் அவர் மனத்தில் விழவில்லை.

1952இல் ஆட்டோ நாய்கெபவர் என்னும் அறிவியல் வரலாற்றறிஞர் 'தமிழ் வானியல்' என்ற பொருளில் எழுதிய ஆய்வில் இந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அந்தக் கணக்கு முறையின் வேர் வராகமிகிரர் வழியாகப் பாபிலோனியக் களிமண் பலகைகள் வரை செல்வதைக் காட்டினார். எல்லாம் நம்மிடமிருந்தே பிறருக்குச் சென்றது என்பாருக்கு இது சற்றுக் கசக்கக்கூடும். எனக்குக் கசக்கவில்லை. ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒரு கணக்கு, பிறந்த ஊரில் அழிந்த பின்னும், புதுச்சேரியில் ஒருவரின் நாவில் உயிரோடிருந்தது என்பது சிறுமையா என்ன?

ஏன் என்ற கேள்வியைக் கணக்கோடு மீண்டும் சேர்க்க முயன்ற ஒருவரையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். அவர் சிந்தாமணி ரகுநாதாசாரி. பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்து, சென்னை வானாய்வகத்தில் முதல் உதவியாளராக உயர்ந்தவர். ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டறிந்தவர். 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின்பொழுது, இன்று தெலங்கானாவில் உள்ள வனபர்த்தியில் வானாய்வகக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதே நாளில் குண்டூரில் நின்ற பிரெஞ்சு அறிஞர் ழான்சனும், மசூலிப்பட்டினத்தில் நின்ற சென்னை வானாய்வகத் தலைவர் போக்சனும் கதிரவனின் விளிம்பில் எழும் தீப்பிழம்பின் ஒளியைப் பகுத்துப் பார்த்தனர். அவ்வாண்டின் ஆய்வுகளிலிருந்துதான் ஹீலியம் என்னும் தனிமம் அறியப்பட்டது. பிறந்தநாள் விழாவில் பறக்கும் பலூனுக்கும் ஆந்திரக் கிரகணத்துக்கும் உள்ள உறவு இது!

ரகுநாதாசாரி வாக்கியங்களை ஒதுக்கி, வானாய்வகக் கணக்கைக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். இதில் உள்ள 'திருக்' என்பது நம் 'திரு' அன்று. பார்வை என்று பொருள்படும் வடசொல்லின் திரிபு. அதாவது, வானைப் பார்த்துச் சரிபார்த்த கணிதம். 1874இல் வெள்ளிக் கோள் மீண்டும் கதிரவனைக் கடக்கவிருந்தபொழுது, பொதுமக்களுக்காக அதை விளக்கி உரையாடல் வடிவில் ஒரு சிறுநூல் எழுதினார். தமிழ் உட்படப் பல மொழிகளில் அது வெளிவந்தது. மரபறிஞர்கள் அவர் சொன்னதை எளிதில் ஏற்கவில்லை. 1880இல் அவர் மறைந்தார். வாக்கியமா, திருக்கணிதமா என்ற வழக்கு இன்றும் முடியவில்லை. அண்மையில் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச் 29ஆம் நாள் என்றும், வாக்கியப்படி 2026 மார்ச் 6ஆம் நாள் என்றும் அறிவிக்கப்பட்டு நம் குடும்பங்கள் குழம்பினவே, அந்தக் குழப்பத்தின் வேர் இங்குதான் இருக்கிறது. சனி ஒன்றுதான், அதைக் கண்ணால் பார்த்த கணக்கும், பழைய எண்ணைத் திருத்தாமல் ஓதிய கணக்கும் ஓராண்டு அளவுக்கு விலகிவிட்டன.

1868இன் அந்நிழல் ஆந்திரக் கரையோடு நிற்கவில்லை. வங்கக் கடலைக் கடந்து மலாய்த் தீபகற்பத்தின் கழுத்துப் பகுதிக்கு வந்தது. அங்கே வா கோ என்னும் கடற்கரைச் சிற்றூரில் சயாம் மன்னர் மோங்குட் தம் கணக்கின்படியே பாசறை அமைத்துக் காத்திருந்தார். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் ஹாரி ஆர்டு சிங்கப்பூரிலிருந்து விருந்தினராகச் சென்றிருந்தார். மன்னர் சொன்னபடியே பகல் இருண்டது. இராகுவை நம்பிய நாட்டில், அது நிழல் என்று காட்டுவதற்காக மன்னர் எடுத்த முயற்சி அது. ஆனால் அந்தச் சதுப்பு நிலத்தில் பற்றிய மலேரியாக் காய்ச்சலால் அக்டோபர் 1ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். கிரகணம் பார்த்ததால்தான் மன்னர் இறந்தார் என்று சொல்வாரும் இருக்கக்கூடும். கொன்றது கொசு.

நம் மண்ணுக்கு அடுத்த பெரிய நிழல் 1929 மே 9ஆம் நாள் வந்தது. வட சுமத்திராவையும் கெடாவையும் கடந்த அந்த முழுக் கிரகணத்தைக் காண இங்கிலாந்திலிருந்து ஒரு குழு அலோர் ஸ்டாரில் முகாமிட்டது. கதிரவனின் அருகே விண்மீன் ஒளி வளைகிறதா என்று ஐன்ஸ்டீனின் கோட்பாட்டைச் சோதிப்பது அக்கால வானியலரின் பெரிய ஆவல். அலோர் ஸ்டாரில் மேகம் குறுக்கிட்டது. சுமத்திராவின் தாக்கெங்கோனில் நின்ற செருமானியக் குழுவுக்குப் படங்கள் கிடைத்தன. அந்த 1929ஆம் ஆண்டில்தான் ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்து முதல் தேயிலை வரிசைகளை நட்டவர்களுள் தமிழர் பலர். இம்மலை அந்த முழுநிழலின் பாதைக்கு வெளியே இருந்தாலும், நண்பகலுக்குப் பின் கதிரவனின் பெரும்பகுதி இங்கும் மறைந்தது. அவர்களுக்கு யார் என்ன சொல்லியிருப்பார்கள்?

இப்பொழுது சொல்வதற்கு நாம் இருக்கிறோம். 2003இல் அறிவியல் பாடம் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் மீண்டும் தமிழுக்கு வந்த பள்ளிகள் நம்முடையவை. நிழலைத் தமிழில் விளக்க நமக்குச் சொற்பஞ்சம் இல்லை.

பெற்றோருக்குச் சில செய்திகள். கிரகணத்தன்று தாம்பாளத் தண்ணீரில் உலக்கை நிமிர்ந்து நிற்கும் என்று காட்டுவர். அடிப்பகுதி தட்டையான உலக்கை எந்த நாளிலும் நிற்கும். கிரகணமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு நிறுத்திப் பாருங்கள். சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் எவ்வளவு நேரமும் பார்க்கலாம், கருவுற்றவரும் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 8ஆம் நாள் அதிகாலை 1.30 முதல் 2.52 வரை நிலவு புவியின் முழுநிழலில் இருந்தது. புவியின் காற்று மண்டலம் செந்நிற ஒளியை மட்டும் வளைத்து நிழலுக்குள் அனுப்புவதால் நிலவு செம்பு நிறம் கொள்கிறது. அந்நேரத்தில் உலகின் எல்லா உதயங்களும் எல்லா அந்திகளும் சேர்ந்து நிலவின் மேல் விழுகின்றன என்று சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

சூரிய கிரகணத்தில் மட்டும் ஓர் உண்மையான ஆபத்து உண்டு. அது கதிரவனை நேரே பார்ப்பதால் விழித்திரை கருகுவது. வலி தெரியாமலேயே கருகும். கிரகணமில்லாத நாளிலும் அதே ஆபத்துத்தான்; அன்று கண் கூசி நாம் பார்ப்பதில்லை, அவ்வளவே. எக்ஸ்ரே படம், புகை பிடித்த கண்ணாடி, வெயில் கண்ணாடி எதுவும் போதா. தரச்சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி வேண்டும். அதுவும் இல்லையென்றால், கதிரவனுக்கு முதுகு காட்டி நின்று, சமையலறைச் சல்லடையை வெயிலில் பிடித்தால் போதும். ஒவ்வொரு துளையின் வழியாகவும் ஒரு பிறைக் கதிரவன் தரையில் விழும். கொழுந்து பறிக்கும் கூடையின் இடுக்குகளும் அதே வேலையைச் செய்யும்.

2031 மே 21ஆம் நாள், புதன்கிழமை, அடுத்த வளைய நிழல் வருகிறது. தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் கடந்து, பிற்பகலில் தீபகற்ப மலேசியாவின் வடபகுதிக்கு வரும். இன்று முதலாம் ஆண்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் அன்று பெரிய வகுப்புகளில் இருப்பார்கள். வளையம் மதுரையைக் கடந்து எத்தனை நிமிடத்தில் நம் நாட்டை எட்டும் என்று கணக்கிடச் சொல்லலாம். 2019இல் கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர் வரை ஆன நேரத்தை, இரண்டரை மணி நேர வேறுபாட்டைக் கழித்து, முதலில் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.